ஏழால் பெருக்கி ஒன்றரை கழி

லாண்டரியில் எல்லோரும் அவரை ஒண்ணரை என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் முதல் காரியமாக அவர் கண்களைத்தான் பார்ப்பார்கள். இரண்டும் நேராகத்தான் இருக்கும். அடுத்து உயரத்தைப் பார்ப்பார்கள். அதிலும் குறை சொல்ல முடியாது. கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். அந்தப் பெயர் வந்தது கண்ணாலும் இல்லை, உயரத்தாலும் இல்லை, கணக்கால்.

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளையும் விடுதிகளின் துண்டுகளையும் மூட்டை மூட்டையாக வாங்கி, நீராவியில் வெளுத்து, சூடான உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தேய்த்துத் திருப்பி அனுப்பும் பெரிய லாண்டரி அது. நீராவி என்றால் அழுத்தம். அழுத்தம் என்றால் கேஜ். பாய்லரிலிருந்து கடைசித் தேய்ப்பு உருளை வரை மொத்தம் நூற்றுப் பதினேழு கேஜ்கள். வட்ட முகம், ஒற்றை ஊசி. அந்த ஊசிகள் உண்மை பேசுகின்றனவா என்று பார்ப்பதுதான் ஒண்ணரையின் உத்தியோகம். முப்பத்தொரு வருஷம் அதைத்தான் செய்தார். நூற்றுப் பதினேழு பேர் சொல்வதையும் சந்தேகப்படுவதற்காகச் சம்பளம் வாங்கியவர், வீட்டில் யார் எது சொன்னாலும் நம்பிவிடுவார். உலகத்தில் இப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அவர் சேர்ந்த காலத்தில் எல்லா ஊசிகளும் பவுண்டில் பேசின. சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று. ஒன்பதாவது வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. இனிமேல் பவுண்டு கிடையாது, எல்லாம் கிலோபாஸ்கல். கையெழுத்துப் போட்டவருக்கு அது அரை நிமிஷ வேலை. நூறு பவுண்டுக்குப் பழகின கண்ணுக்கு முன்னால் ஊசி போய் அறுநூற்றுத் தொண்ணூறில் நின்றால் பாய்லர் வெடிக்கப் போகிறது என்றுதானே தோன்றும்? பாய்லர்காரர் முதல் நாளே நெருப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"அறுநூறு, எழுநூறுன்னு என்னென்னமோ காட்டுது. நான் பிள்ளைகுட்டிக்காரன். வேற ஆளைப் பாருங்க."

அவரைத் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப் போனது இவர்தான்.

"மச்சான், பயப்படாதே. பவுண்டை ஏழால பெருக்கு. வர்றதுல நூத்துக்கு ஒண்ணரை கழி. நூறு பவுண்டா? எழுநூறு. பத்தரை போச்சு. அறுநூத்தி எண்பத்தொம்பதரை. அதே நூறு பவுண்டுதான், சட்டைதான் வேற."

பாய்லர்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். நெருப்பு மறுபடி பற்றியது. அன்று சாயங்காலத்துக்குள் லாண்டரி முழுக்க அந்தச் சூத்திரம் பரவியது. ஏழால் பெருக்கு, ஒன்றரை கழி. ஒவ்வொரு கேஜுக்குப் பக்கத்திலும் தன் கையெழுத்தில் ஓர் அட்டை எழுதி மாட்டினார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோனது. "ஒண்ணரை டீ போட்டா எப்படித் தெரியுமா? ஏழு கரண்டி சர்க்கரை போட்டுட்டு ஒண்ணரைக் கரண்டி திரும்ப எடுத்துடுவார்" என்பது உருளைப் பகுதியில் இருபது வருஷம் ஓடிய நகைச்சுவை. ஓடிய வரைக்கும் அவரும் சிரித்தார்.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கேஜைச் சோதனை மேசையில் மாட்டினால் ஐந்து இடங்களில் பார்ப்பார். ஏறும்போது ஐந்து, இறங்கும்போது ஐந்து. நேரமில்லை, ஓர் இடத்தில் பார்த்துக் கொடுங்கள் என்று யாராவது அவசரப்படுத்தினால், "ஒரு இடத்துல ஒத்துப்போனா அது தற்செயல். அஞ்சு இடத்துல ஒத்துப்போனாத்தான் அது கேஜ்" என்பார். தேறினதுக்குப் பச்சை அட்டை, தேறாததுக்குச் சிவப்பு அட்டை. எந்த அட்டையானாலும் அதில் சோதித்தவர் கையெழுத்து இருக்கும்.

மனைவி ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஊரிலுள்ள பெரிய படிப்பாளிகள் எழுதியதிலெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டவள். காலண்டர் வாங்கினால்கூடத் தேதிகளை ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் சுவரில் மாட்டுவாள். அப்படிப்பட்டவள் புருஷன் சொன்ன எண்ணை மட்டும் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. அவர் லாண்டரிக் கதையை ஆரம்பித்தால், காய் நறுக்கிக்கொண்டே, "அப்புறம்?" என்பாள். ஊசி எப்படி நடுங்கியது, வால்வு எப்படிச் சீறியது, எல்லாவற்றுக்கும் ஓர் "அப்புறம்?" அந்த ஒற்றைச் சொல்லை நம்பி அவர் முப்பது வருஷம் பேசிக்கொண்டிருந்தார்.

இருவரும் ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்றார்கள். அவளுக்குப் படிக்க ஏதாவது கிடைத்தது. இவருக்கு அளக்க ஒன்றும் கிடைக்கவில்லை. எதிர்வீட்டுச் சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்து, "இருபத்தெட்டுப் பவுண்டு இருக்கும், இன்னும் கொஞ்சம் அடிங்க" என்று கேட்காமலே தீர்ப்புச் சொன்னார். ஒருநாள் பிரஷர் குக்கரின் மூடியில் ஓட்டை போட்டுக் கேஜ் வைக்கலாமா என்று யோசித்துக் கையில் எடுத்தபோது, "அதைக் கீழ வைங்க. விசிலே எனக்குப் போதும்" என்று மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

அந்த வருஷக் கடைசியில் மனைவிக்கு ரத்த அழுத்தம் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்து, "தினமும் காலையில மாத்திரைக்கு முன்னால வீட்டிலயே பார்த்து எழுதி வைங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும். ஆனா மேல் எண் நூத்தி அறுபதைத் தாண்டினா தேதிக்காகக் காத்திருக்காதீங்க, அன்னைக்கே வந்துடுங்க" என்றார்.

தூர தேசத்தில் வேலை பார்க்கும் மகள், கேள்விப்பட்ட வாரமே ஒரு மெஷின் அனுப்பினாள். இளநீல நிறம். கையில் சுற்றும் பட்டை, ரப்பர் குழாய், சின்னத் திரை. பெட்டியைப் பிரித்து முதல் தடவை மனைவியின் கையில் கட்டிப் பார்த்தபோது திரையில் இருபது புள்ளி சொச்சம் வந்தது. மனைவி பதறிப்போனாள்.

"என்னங்க, டாக்டர் நூத்தி நாப்பதுன்னார். இது இருபதுங்குது. நான் இருக்கேனா இல்லையா?"

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையின் ஓரத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். படித்ததும் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கிலோபாஸ்கல்! ஓய்வு பெற்ற பிறகு பழைய சிநேகிதன் ஒருவன் வீடு தேடி வந்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

சாயங்காலம் மகள் தொலைபேசியில் சொன்னாள்: "அப்பா, அது இங்க உள்ள கணக்குல காட்டும். பேட்டரி மூடியைத் திறந்தா உள்ளே சின்னதா ஒரு பட்டன் இருக்கு. குச்சியால அமுக்கினீங்கன்னா டாக்டர் சொல்ற பாதரசக் கணக்குக்கு மாறிடும்."

"எதுக்குடா கண்ணு? நான் எதுக்கு இருக்கேன்?"

"அப்பா, அமுக்கிடுங்கப்பா."

"கிலோபாஸ்கலை மாத்துறதுக்கு எனக்கே பட்டனா?" என்று சிரித்தார். மகளும் சிரித்துவிட்டாள். அந்தப் பட்டனைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

மறுநாள் காலையிலிருந்து அந்த வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. ஜன்னலோர மேசையில் மெஷின். இந்தப் பக்கம் அவள், இடது கையை நீட்டிக்கொண்டு. அந்தப் பக்கம் அவர், திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு. பட்டை உப்பி இறுகித் தளரும் வரை அவள் மெஷினைப் பார்க்க மாட்டாள்; அவர் முகத்தைத்தான் பார்ப்பாள். நோட்டில் இரண்டு கட்டம் போட்டு வைத்திருந்தாள். மெஷின் சொல்வது ஒன்று, இவர் சொல்வது ஒன்று.

"என்ன சொல்லுது?"

"இருபது புள்ளி ஆறு. ஏழால பெருக்கினா நூத்தி நாப்பத்து நாலு சொச்சம். ஒண்ணரை கழிச்சா நூத்தி நாப்பத்திரண்டு. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, டீதான்."

மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க அன்று பத்து மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருந்தார். நர்ஸ் தன் கருவியில் பார்த்துவிட்டு, "நூத்தி நாப்பத்திரண்டு" என்றாள். இவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். நோட்டைத் திறந்து நர்ஸிடம் காட்டினார். "பாருங்க. புள்ளிக்குப் புள்ளி." வரும் வழியெல்லாம் பேருந்தில் அதே பேச்சு. ஓர் இடத்தில் ஒத்துப்போனால் அது தற்செயல் என்று முப்பத்தொரு வருஷம் அடுத்தவர்களுக்குச் சொன்னவர், சொந்த மனைவி விஷயத்தில் அந்த ஓர் இடத்தோடு திருப்திப்பட்டுவிட்டார்.

இரண்டாவது மாதம் எண் கொஞ்சம் ஏறியது. இருபத்தொன்று சொச்சம், இருபத்திரண்டு. இவர் கணக்கில் நூற்று நாற்பத்தெட்டு, நூற்று ஐம்பத்திரண்டு. "ஏறுது. ஆனா எல்லைக்குள்ளதான் இருக்கு" என்றார். மூன்றாவது மாதம் நூற்று ஐம்பத்தைந்து, நூற்று ஐம்பத்தேழு. அடுத்த தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, இருபத்து மூன்று புள்ளி இரண்டு.

"ஏழால பெருக்கினா நூத்தி அறுபத்திரண்டு புள்ளி நாலு" என்றவர் நிறுத்தினார். காகிதம் எடுத்துப் போட்டே பார்த்தார். "ஒண்ணரை கழிச்சா… நூத்தி அம்பத்தொம்பது புள்ளி ஒம்பது ஆறு."

"எங்க அச்சகத்துல அதை நூத்தி அறுபதுன்னுதான் அடிப்போம்."

"தாண்டினாத்தானே வரச் சொன்னார்? தாண்டலையே."

"தலை கொஞ்சம் கனமா இருக்குங்க."

"வெயில் அப்படி. நாளைக்குப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

அவள் நூற்று ஐம்பத்தொன்பது என்று எழுதினாள். பதினொரு மணிக்குச் சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அவர் கதவருகே போனபோது அவள் அலமாரியில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். வலது கை அவளுடையதே இல்லை என்பது போல் மடியில் கிடந்தது. ஏதோ சொல்ல வந்தாள். வாய் ஒரு பக்கம் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நோட்டைப் புரட்டினார். இரண்டாவது கட்டத்தை மட்டும்தான் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் பார்த்திருப்பார்கள்.

"இன்னைக்குக் காலையில நூத்தி அம்பத்தொம்பதா? இங்க கொண்டுவந்தப்போ நூத்தி எண்பத்தஞ்சு. உங்க மெஷின் குறைச்சுக் காட்டியிருக்கு. கொஞ்ச நாளாவே ஏறியிருக்கணும். முன்னாடியே வந்திருந்தா மருந்தைக் கூட்டியிருக்கலாம்."

விமானம் பிடித்து ஓடிவந்த மகள் இரண்டாம் நாள் டாக்டரிடமிருந்து இதைக் கேட்டாள். மூன்று வாரம் அம்மாவின் கட்டிலை விட்டு நகரவில்லை. திரும்பிப் போன பிறகுதான் தொலைபேசியில் உடைந்தாள்.

"கடையில ரெண்டு மெஷின் இருந்துச்சுப்பா. ஒண்ணு கருப்பு, ஒண்ணு இளநீலம். அம்மாவுக்குப் பிடிக்குமேன்னு நிறத்தைப் பார்த்து எடுத்தேன். நிறத்தைப் பார்த்து! கருப்பை எடுத்திருந்தா அம்மா இன்னைக்குப் பேசிக்கிட்டு இருப்பாங்க."

வாரத்துக்கு ஒரு தடவையாவது இதே பேச்சு, இதே அழுகை. ஒருநாள் அவள் சரியாகச் சாப்பிடுவதே இல்லை என்று தெரிந்தது. இவருக்குத் தாங்கவில்லை. மெஷின் குறைத்துக் காட்டியது என்று டாக்டர் சொன்னது ஒரு யூகம்தானே? கேஜைக் கழற்றிச் சோதிக்காமல் அதன்மேல் பழிபோடுவது என்ன நியாயம்? மெஷின் உண்மைதான் சொன்னது என்று காட்டிவிட்டால் மகள் அழுவதை நிறுத்துவாள். அதைக் காட்ட இந்த ஊரில் தன்னைவிட யோக்கியதை உள்ள ஆள் யார்?

மனைவி அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வலது பக்கம் இயங்கவில்லை. எல்லாம் புரிந்தது, ஆனால் பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும், விளக்கை அணைக்கச் சொன்னாலும், முதுகு வலித்தாலும், "அப்புறம்." டாக்டர் இது இந்த நோயில் சகஜம், நாக்கில் அதிகம் பழகின ஒரு சொல் தங்கிவிடும் என்றார். எதற்காக அந்தச் சொல் பழகியது என்று அவருக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். சுருதியை வைத்தே எந்த அப்புறம் எதற்கு என்று பிரித்துவிடுவார். தண்ணீருக்கு முடிவில் மேலே போகும். வலிக்குக் கீழே போகும். மெஷினையும் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு, "லாண்டரி வரைக்கும் போயிட்டு வரேன், பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்காருவாங்க" என்றபோது அவள் சொன்னது போய் வாருங்கள் என்கிற அப்புறம்.

பாய்லர்காரருக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் பாக்கி. இப்போது சோதனை மேசையும் அவர் பொறுப்புதான்.

"வாய்யா ஒண்ணரை! பாய்லருக்கு மேல உருளைக்காரன் ஒருத்தன் உன் பழைய அட்டையைச் சாமிப்படம் மாதிரி வெச்சிருக்கான், பார்த்தியா?"

"மச்சான், சின்ன வேலை ஒண்ணு. இந்த மெஷினை மாஸ்டர் கேஜோட சேர்த்துப் பார்க்கணும்."

பாய்லர்காரர் வேறொன்றும் கேட்கவில்லை. ரப்பர் குழாயை வெட்டி நடுவில் மூன்று வாய் இணைப்பு ஒன்றைச் செருகினார்கள். ஒரு வாய் மெஷினுக்கு, ஒரு வாய் பட்டைக்கு, ஒரு வாய் மாஸ்டர் கேஜுக்கு. பட்டையை ஒரு எண்ணெய் டின்னைச் சுற்றிக் கட்டினார்கள். மற்ற கேஜ்களை ஒத்துப் பார்க்கிற அந்த மாஸ்டர், குறைந்த அழுத்தத்துக்கான பெரிய கேஜ். வெளி வட்டத்தில் கிலோபாஸ்கல், உள் வட்டத்தில் பாதரச மில்லிமீட்டர். மெஷினை ஓடவிட்டு, குழாயைக் கிளிப்பால் பிடித்துப் பிடித்து நிறுத்திப் பார்த்தார்கள். இந்தத் தடவை அவர் குறுக்குவழி தேடவில்லை. ஐந்து இடம். ஏறும்போது, இறங்கும்போது.

"மெஷின்ல எட்டு" என்பார் இவர்.

"இங்கயும் எட்டு" என்பார் பாய்லர்காரர்.

"பன்னிரண்டு."

"பன்னிரண்டு."

பதினாறு, இருபது, இருபத்து நாலு. முடி அளவு வித்தியாசம் இல்லை. பாய்லர்காரர் பச்சை அட்டை ஒன்றில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு மெஷினின் குழாயில் கட்டினார்.

"தங்கமான மெஷின்யா! பொண்ணுக்குப் போன் போடு. அழாம சாப்பிடச் சொல்லு."

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நம்பிக்கையில்லாமல் இல்லை, ஆசைக்காக, இன்னொரு தடவை இருபதில் நிறுத்தச் சொன்னார். ஊசி நின்றது. வெளி வட்டத்தில் இருபது. பார்வை தற்செயலாக உள் வட்டத்துக்குப் போனது.

உள் வட்டத்தில் அதே ஊசி நூற்றைம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இருபது. ஏழால் பெருக்கினால் நூற்று நாற்பது. ஒன்றரை கழித்தால் நூற்று முப்பத்தெட்டு. மறுபடி பார்த்தார். நூற்றைம்பது. கேஜின் கண்ணாடியை விரலால் தட்டினார். ஊசி அசையவில்லை.

"மச்சான்," என்றார், "ஏழும் ஒண்ணரையும் எதை எதாக்க?"

"என்னய்யா கேள்வி இது? பவுண்டைக் கிலோபாஸ்கல் ஆக்க."

"கிலோபாஸ்கலைப் பாதரசம் ஆக்க?"

"அது நமக்கு எதுக்கு? நம்மகிட்ட பாதரசமே கிடையாதே." பாய்லர்காரர் கேஜைக் குனிந்து பார்த்தார். "இருபதுக்கு நூத்தம்பதுன்னா… ஏழரை."

ஏழரை என்ற எண்ணுக்கு நம் பேச்சில் நல்ல பெயர் கிடையாது. அன்று பாய்லர்காரர் அதைச் சொன்னது வெறும் கணக்காகத்தான். இவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நோட்டை எடுத்து நீட்டினார். பாய்லர்காரர் இரண்டு கட்டங்களையும் பார்த்தார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம். 

"அந்த நர்ஸ் பார்த்தது மட்டும் எப்படி ஒத்துப்போச்சு?" என்றார் கடைசியில், எப்படியாவது ஒரு வாசல் கிடைக்காதா என்பது போல.

"காலையில பார்த்தது மாத்திரைக்கு முன்னால. அங்க பார்த்தது மாத்திரை போட்டு மூணு மணி நேரம் கழிச்சு. இறங்கியிருக்கு. நான் குறைச்சதும் மாத்திரை குறைச்சதும் ஒண்ணா வந்து நின்னுடுச்சு."

பாய்லர்காரர் நோட்டை மூடினார். "இதோ பார். மெஷின் சரின்னு பச்சை அட்டை இருக்கு. பொண்ணுகிட்ட அதைச் சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். டாக்டர் ஏதோ உளறிட்டார்னு விட்டுடு. இந்த நோட்டைக் கொண்டா, பாய்லர்ல போட்டுடறேன். ரெண்டு நிமிஷம்."

"மெஷின் சரின்னா அவ அடுத்த கேள்வி கேட்பா மச்சான். அப்போ யார் தப்புன்னு."

"கேட்டா தெரியாதுன்னு சொல்லு. உலகத்துல எல்லாத்துக்குமா கையெழுத்துப் போடணும்?"

ஒண்ணரை நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். மேசை மேல் பச்சையும் சிவப்புமாக அட்டைகள் கலந்து கிடந்தன. அவற்றை வழக்கம்போல் தனித்தனியாகப் பிரித்து அடுக்கிவிட்டுத்தான் கிளம்பினார். கைக்கு அது பழக்கம்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து ஏழரையால் பெருக்கிக்கொண்டே வந்தார். முதல் நாள் நூற்றைம்பத்து நாலரை. இரண்டாவது மாதத்தில் ஒருநாள், இருபத்தொன்று புள்ளி நாலு. நூற்று அறுபதரை. அன்றைக்கே போயிருக்க வேண்டும். அந்த நாளில் தான் சொல்லி அவள் எழுதியது நூற்று நாற்பத்தெட்டு. பக்கத்தில் அவள் கையெழுத்தில் "இன்று நன்றாகத் தூங்கினேன்" என்றும் இருந்தது. அங்கிருந்து அந்தச் செவ்வாய்க்கிழமை வரை விரலால் எண்ணினார். நாற்பத்தொரு நாள். கடைசிக் காலை நூற்று எழுபத்து நாலு. தலை கனமாக இருக்கிறது என்று அவள் சொன்னதும், வெயில் என்று தான் சொன்னதும் நோட்டில் இல்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போயிருந்தது.

வீட்டில் பக்கத்து வீட்டுக்காரம்மா விடைபெற்றுப் போனதும், மனைவியின் நாற்காலிக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, குரல் இருவருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். இரண்டு தடவை சொல்லத் தன்னால் முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

"கண்ணு, மெஷினைச் சோதிச்சுட்டேன். சுத்தமா இருக்கு. அஞ்சு இடத்துல பார்த்தாச்சு. உன் மேல தப்பில்லை."

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "நிஜமாவாப்பா? அப்போ எப்படிப்பா…"

"மெஷின் சரியாச் சொல்லுச்சு. நான் தப்பா மாத்திட்டேன். லாண்டரிக் கணக்கைப் போட்டுட்டேன். ஏழரையால பெருக்கணும். நான் ஏழால பெருக்கி ஒண்ணரை கழிச்சேன். தினமும் பன்னிரண்டு, பதினாலு குறைச்சுச் சொல்லியிருக்கேன். நாப்பத்தொரு நாளைக்கு முன்னாடியே அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருக்கணும்."

அவர் தொலைபேசியிடம் சொல்லவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அவளும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், மெஷின் ஓடும்போது பார்ப்பது போல.

மகள் கேட்டாள்: "அந்தப் பட்டன்…"

"நீ சொன்னே. ரெண்டு தடவை சொன்னே."

மகள் அழுதாள். குற்றத்திலிருந்து விடுதலை கிடைத்தவர்கள் இப்படி அழுவார்கள் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு, "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். "ம்" என்றார். "நாளைக்குப் பேசுறேன்பா" என்று வைத்துவிட்டாள். அதுவரை நாளைக்குப் பேசுகிறேன் என்று அவள் சொன்னதே இல்லை; ஒரு நாளில் மூன்று தடவை பேசுகிறவள்.

இவர் மனைவியின் வாயைப் பார்த்துக் காத்திருந்தார். கீழே போகும் அப்புறமோ, மேலே போகும் அப்புறமோ, ஏதாவது ஒன்று. திட்டுவதற்கும் ஓர் அப்புறம் அவளிடம் இருந்தது. கஞ்சி சூடாக இருந்தால் அதைச் சொல்வாள். அது வந்திருந்தால்கூடப் போதும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விளக்கு வைத்தபோதும், கஞ்சி ஊட்டியபோதும், போர்வையை இழுத்துவிட்டபோதும் ஒன்றும் சொல்லவில்லை. மிஞ்சியிருந்த அந்த ஒரு சொல்லையும் அன்று அவருக்குக் கொடுக்கவில்லை.

காலையில் அவர் பேட்டரி மூடியைத் திறந்து, தீக்குச்சியால் பட்டனை அமுக்கினார். எளிதாகத்தான் அமுங்கியது. வெட்டின குழாயை ஒட்டி, பச்சை அட்டையோடு அப்படியே மேசையில் வைத்தார். அவள் கையை நீட்டுவாளோ மாட்டாளோ என்று பட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். கொஞ்ச நேரம் ஆயிற்று. நீட்டினாள்.

பட்டை உப்பியது, இறுகியது, தளர்ந்தது. திரையில் நூற்று நாற்பத்தெட்டு. பெருக்கவும் கழிக்கவும் ஒன்றுமில்லை. சொல்வதற்காக அவர் வாயைத் திறந்தார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டை கட்டிய அந்த இடது கை மெதுவாக மேசையில் நகர்ந்தது. குழாய் இழுபட, அட்டை ஆட, மெஷினைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அச்சகத் தாளைப் பார்க்கிற அதே பார்வையோடு ஒவ்வோர் இலக்கமாகப் படித்தாள். படித்துவிட்டு நோட்டுக்காக விரலை நீட்டினாள். அவர் எழுதிக் காட்டினார். நோட்டையும் திரையையும் மாறி மாறி இரண்டு தடவை பார்த்தாள்.

பிறகு பட்டையை அவிழ்க்கவிட்டாள். அவர் மெஷினை எடுத்து வைக்கப் போனபோது அதன் மேல் கையை வைத்துத் தடுத்தாள். திரை தன் பக்கம் பார்க்கிற மாதிரியே அது மேசையில் இருந்தது.